அணுவை நிறுத்தும் இடமும் நிரல்தான்

குவாண்டம் கணினிக்கான நிரல் என்றாலே, க்யூபிட்களின் நிலையை மாற்றும் சிறு செயல்களான கேட்களை (gate) ஒவ்வொன்றாக அடுக்குவதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது டிஜிட்டல் வழி. பிரான்ஸின் பாஸ்கல் நிறுவனக் கணினிகளில் க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு, என்பது ஒரு ரூபிடியம் அணு, லேசரால் பிடித்துச் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் நிறுத்திவைத்தது. இன்னொரு லேசரால் அதை ரிட்பெர்க் நிலை என்ற மிக உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றிவிட்டால், அதே நிலையில் இருக்கும் பக்கத்து அணுவோடு தானாகவே வினைபுரியும். அந்த வினையை ஓடவிட்டே கணக்குப் போடுவது அனலாக் வழி.

வினையின் வலிமை தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதம்: இடைவெளியை இரட்டிப்பாக்கினால் 64-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் பாஸ்கலின் பல்சர் என்ற பைத்தான் நூலகத்தில் முதலில் எழுதுவதே அணுக்களின் இருப்பிடத்தைத்தான். அப்புறம்தான் லேசர் துடிப்பின் வீச்சு, அதிர்வெண் விலகல் (அணுவுக்குப் பொருந்தும் அதிர்வெண்ணிலிருந்து லேசர் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), எத்தனை நானோ விநாடி என்பதெல்லாம். தேர்ந்தெடுத்த கருவி அனுமதிப்பதைவிட அணுக்களை நெருக்கிவைத்தால் ஓட்டுவதற்கு முன்பே பிழை காட்டிவிடும், நல்ல பழக்கம்.

அனலாக் மட்டும் போதுமா? போதாது, இயற்கை தருகிற வினை நமக்கு வேண்டிய வினையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாதே. இங்கேதான் கலப்பு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. இஸிங் வகை வினையில், அதாவது இரண்டு க்யூபிட்களின் 0, 1 நிலைகளைப் பொறுத்து ஆற்றல் மாறும் வினையில், மூன்று க்யூபிட்களும் ஒன்றோடொன்று பிணைகின்றன, ஆனால் முதல் இரண்டின் பிணைப்பு மட்டும் வேண்டும் என்று வையுங்கள். பாதி நேரம் ஓடவிடுங்கள், மூன்றாவதை மட்டும் தலைகீழாகத் திருப்புங்கள், மீதிப் பாதியை ஓடவிட்டு மறுபடி திருப்புங்கள். மூன்றாவதன் பிணைப்புகள் முதல் பாதியில் சேர்த்ததை இரண்டாம் பாதி கழித்துவிடும், முதல் இரண்டின் பிணைப்பு முழுசாக நிற்கும். பிழை அதிகம் வரும் இரு-க்யூபிட் கேட் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

இப்படிக் கேட்டையும் ஹாமில்டோனியன் ஓட்டத்தையும் (வினையைத் தன்போக்கில் ஓடவிடுவதையும்) ஒரே நிரலில் கோக்கத்தான் பாஸ்கலின் காடென்ஸ் (Qadence) என்ற பைத்தான் நூலகம். பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தின் மேல் கட்டியது என்பதால் கோணம், நேரம் போன்றவற்றை அளவுருக்களாக விட்டு, நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவிப்பது போலவே சரிசெய்யலாம்.

ஒரு சிக்கல் உண்டு. க்யூபிட்டைத் திருப்பும் அந்தச் சிறு நேரத்திலும் அணுக்களின் வினை நிற்காது. காடென்ஸில் ஆர்எக்ஸ் (RX) என்று எழுதினால் அது வினையைக் கண்டுகொள்ளாத லட்சியச் சுழற்சி, அனலாக்ஆர்எக்ஸ் (AnalogRX) என்று எழுதினால் வினையையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு அணுக்களை வைத்து, ஒரே கோணத்துக்கு இந்த இரண்டு சுழற்சிகளையும் தனித்தனியே ஓட்டி, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, விடைகள் எப்படி விலகுகின்றன என்று பாருங்கள். சிமுலேட்டர் உங்கள் மடிக்கணினியிலேயே ஓடும்.