ஓடாத காருக்கு எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்?

ஓராண்டில் கார் ஓடியது வெறும் 1,800 கி.மீ. கையேட்டிலோ, பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் போடுவது போல, '10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குகூட ஓடாத வண்டியில் நல்ல ஆயிலை எதற்குக் கொட்ட வேண்டும் என்று கை தயங்கும். அந்த 1,800 கி.மீ. எப்படி ஓடியது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து மதுரைக்கு இரண்டு முறை போய் வந்தாலே ஏறத்தாழ அந்தத் தூரம் ஆகிவிடும். எஞ்சின் ஆறிக் கிடந்து ஸ்டார்ட் ஆன தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 3 கி.மீ. தள்ளியிருக்கும் அலுவலகத்துக்குக் காலையும் மாலையுமாக 300 நாள் ஓடிய காரும் மீட்டரில் அதே 1,800 கி.மீ.தான் காட்டும். ஆனால் அது 600 தடவை ஆறிய எஞ்சினோடு கிளம்பியிருக்கிறது, ஒரு தடவையாவது ஆயில் முழுச் சூடு ஏறியிருக்காது. ஆயிலைக் கெடுப்பது இந்த 600தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. காலையில் வண்டியை எடுத்ததும் சைலன்சர் நுனியில் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 3 கி.மீ. போக 300 மி.லி. பெட்ரோல் செலவானால் அதே அளவுக்குத் தண்ணீரும் ஆவியாக உருவாகியிருக்கும். பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடுகிறது. பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கீழே, ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். புத்தம்புது எஞ்சினிலும் இது உண்டு. எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தால் அந்த ஆவியை ஒரு வால்வு வழியாக உறிஞ்சி மறுபடி எரித்துவிடும். ஆறிய எஞ்சினில் ஆவி உலோகச் சுவரில் பட்டுத் துளியாகி ஆயிலோடு கலந்துவிடுகிறது.

டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது. அது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலண்டின் சூடு. ஆயில் சூடாக அதைவிட நெடுநேரம் பிடிக்கும். இடைவிடாமல் 20 நிமிடமாவது ஓட்டினால்தான் ஆயிலில் கலந்த தண்ணீர் வெளியேறத் தொடங்கும்.

தண்ணீரோடு பெட்ரோலும் சேர்கிறது. ஆறிய சிலிண்டரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் எஞ்சின் கணினி கூடுதலாகவே பீய்ச்சும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் போய்ச் சேரும். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் இது இன்னும் அதிகம். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குக்கு நடுவே நிற்க வேண்டிய படலம் மெலிகிறது.

இதைக் கையாலேயே பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, அளவும் போன மாதத்தைவிட ஏறியிருந்தால் ஏறியது பெட்ரோல். ஆயில் குறையவே இல்லை என்று மகிழும் பலருக்கு நடப்பது இதுதான்: குறைந்த ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பியிருக்கிறது. அப்புறம் ஒருநாள் நெடுஞ்சாலையில் 300 கி.மீ. போய்வந்தால் அளவு சட்டென்று இறங்கும். எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். போனது பெரும்பாலும் பெட்ரோல்தான்.

நீண்ட பயணம் தண்ணீரையும் பெட்ரோலின் இலேசான பகுதியையும் விரட்டும். செலவாகிப்போன மருந்தைத் திருப்பித் தராது. ஆயிலில் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த காரப்பொருள்கள் கலந்திருக்கின்றன. எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிப்பது அவற்றின் வேலை. பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துப் பெட்ரோலில் கந்தகத்துக்கு உச்சவரம்பு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) என்பதால் கந்தக அமிலத் தொல்லை குறைந்துவிட்டது. நைட்ரஜன் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து தரும் அமிலம் இருக்கத்தான் செய்கிறது. காரம் தீர்ந்த ஆயிலோடு வண்டி மாதக்கணக்கில் நின்றால் பேரிங் அந்த அமிலத்தில் ஊறும்.

ஆகவே வாரம் ஒருமுறை 30, 40 கி.மீ. ஓடும் காருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை போதும். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓடும் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவதே சரி, கி.மீ. எவ்வளவு குறைவாக இருந்தாலும். வாரண்டி இருக்கும் காரில் 12 மாதத்தைத் தாண்டவே கூடாது. சென்னை வெயிலில் சேதம் சற்று மெதுவாக நடக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் கலந்த ஆயில் வெண்ணெய் போல வெள்ளையாக ஒட்டியிருப்பது சகஜம். கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கதை. கூலண்டும் ஆயிலும் கலக்காமல் எஞ்சினுக்குள் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்கள் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். கிளம்பும் முன்பே மாற்றுங்கள், அழுக்கு ஆயிலோடு எஞ்சினை நிற்க விடாதீர்கள். ஊரில் இருப்பவர்களிடம் வாரம் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்வதும் வேண்டாம். நின்ற இடத்தில் எஞ்சினை உறுமவிட்டால் தண்ணீரும் பெட்ரோலும் சேருமே தவிர ஆயில் சூடாகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 கி.மீ. ஓட்டச் சொல்லுங்கள்.

மாற்றும்போது முதலில் வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வர வேண்டும். சூட்டில் அழுக்கு ஆயிலோடு கலந்து இறங்கும், ஆறியதில் அடியில் தங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பத்து இருபது ரூபாயை மிச்சம்பிடிக்கப் பழையதையே மாட்டினால் கசியும், கசிவை நிறுத்த இறுக்கினால் சம்ப்பின் மரை போகும். பில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதுப் பில்டரை மாட்டினால் அழுத்தம் தாங்காமல் பிதுங்கி, சில நிமிடத்தில் ஆயில் முழுவதும் சாலையில் இருக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் உட்கார்ந்ததும் கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள்.

பல 1.2 லிட்டர் எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 3 முதல் 3.5 லிட்டர் வரை பிடிக்கும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலின் தரக்குறி கையேட்டில் இருந்தால் அதையே ஊற்றுங்கள். வண்டி அதிகம் ஓடவில்லை என்பதற்காகக் கெட்டியான ஆயிலுக்கு மாற வேண்டியதில்லை. அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம், இனிமேல் சேரப்போகும் பெட்ரோலுக்கும் அங்கே இடம் வேண்டும்.