‘ரெக்ரூட்’ என்றால் ஆட்சேர்ப்பா?

போன வாரம் வீட்டில் ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து ஆவணப்படம் தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. “அவன் இளநிலைக் கல்லூரியால் ஆட்சேர்ப்பு செய்யப்பட்டான்” என்று ஒரு வரி. பக்கத்தில் இருந்த பாட்டி, “பையன் பட்டாளத்துக்கா போறான்?” என்று கேட்டார். பாட்டி கேட்டதில் தப்பே இல்லை. ஆட்சேர்ப்பு என்றால் நமக்கு அதுதான்: விடியற்காலையில் மைதானத்தில் வரிசை, உயரம், மார்பளவு, ஓட்டம். படத்திலோ ஒரு பயிற்சியாளர் பையனின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவன் அம்மாவிடம் “பையனை எங்களிடம் அனுப்புங்கள்” என்று கெஞ்சாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆங்கில மூலத்தில் இருக்கும் ‘ரெக்ரூட்’ (recruit) என்ற சொல்லின் வேர் லத்தீன். மறுபடி வளர்வது என்று பொருள். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, குறைந்துபோன படையை நிரப்பப் புதிதாக வரும் ஆட்களைக் குறித்தது. அங்கிருந்து அலுவலகம், கல்லூரி, விளையாட்டு என்று பரவிவிட்டது. அவ்வளவுதான்.

சிக்கல் தமிழில்தான். ‘ஆட்சேர்ப்பு’ என்று சொன்னால் சேர்த்தாகிவிட்டது, வேலை முடிந்தது. ஆனால் கல்லூரி விளையாட்டில் ரெக்ரூட் செய்வது சேர்ப்பதற்கு முந்தைய கட்டம். ஆட்டத்தைப் பார்க்க வருவது, தொலைபேசியில் பேசுவது, கல்லூரியைச் சுற்றிக் காட்டுவது, உதவித்தொகை தருவதாகச் சொல்வது எல்லாம் அதில் அடக்கம். பையன் கடைசியில் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். அப்போதும் இவர்கள் அவனை ரெக்ரூட் செய்தது உண்மைதான்.

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜிம்மி பட்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரிகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. டெக்சாஸில் டைலர் ஜூனியர் காலேஜில் சேர்ந்தார். ஒரே பருவம் (சீசன்) அங்கே ஆடியதும் கெண்டக்கி, கிளெம்சன், மார்க்வெட் என்று பல பெரிய கல்லூரிகள் அவரை நாடின. 2008இல் மார்க்வெட்டுக்குப் போனார். 2011இல், தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் ‘டிராஃப்ட்’டில், சிகாகோ புல்ஸ் அணி அவரை 30ஆவது ஆளாக எடுத்தது. இப்போது ‘பட்லரைப் பல கல்லூரிகள் ஆட்சேர்ப்பு செய்தன’ என்று எழுதிப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் எப்படிச் சேர முடியும்?

‘தேர்வு’ என்று எழுதலாமே என்பார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் இரண்டிலும் ஆங்கிலப் பெயரில் இருப்பது ரெக்ரூட்மென்ட்தான். அரசுப் பணிக்கு அது பொருத்தம், ஏனென்றால் அங்கே ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், வாரியம் பொறுக்கி எடுக்கிறது. கூடைப்பந்தில் நடை மாறிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரன் என்றால் கல்லூரிதான் அவன் வாசலுக்கு வரும்.

வாசலுக்கு வந்து கேட்பதற்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? “பெண் கேட்டு நாலு இடத்திலிருந்து வந்தார்கள்” என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறோம். கேட்டு வந்தவர்கள் எல்லாருக்கும் கொடுத்துவிடுவதில்லை, அதுவும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘மூன்று கல்லூரிகள் அவனைக் கேட்டு வந்தன’ என்பது பச்சைத் தமிழ். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘தேடியழைப்பு’ என்பேன். ‘கேட்பு’ என்று சுருக்கலாம்தான், ஆனால் அது ஏற்கெனவே வங்கியில் கேட்பு வரைவோலையாக இருக்கிறது.

அப்புறம் அந்த ‘இளநிலைக் கல்லூரி’. இளநிலைப் பட்டம் என்றால் நமக்கு பி.ஏ., பி.எஸ்சி. அமெரிக்க ஜூனியர் காலேஜின் அடையாளமே, பெரும்பாலும் அந்தப் பட்டம் வரை போகாமல் பள்ளிக்குப் பின் இரண்டு ஆண்டுப் படிப்போடு நிறுத்திக்கொள்வதுதான். 1901இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜிலிருந்து வரும் வழக்கம் இது. சிங்கப்பூரில் ‘தொடக்கக் கல்லூரி’ என்கிறார்கள். அழகான சொல், ஆனால் அது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு. ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஜூனியர் காலேஜ் என்றால் 11, 12ஆம் வகுப்பு. அதனால் அமெரிக்காவில் உள்ளதை ‘ஈராண்டுக் கல்லூரி’ என்றே சொல்லிவிடலாம், குழப்பம் தீர்ந்தது.

அந்த இரண்டு ஆண்டுதான் தேடியழைப்பை ஓயாத வேலையாக்குகிறது. ஒருவன் அதிகம் போனால் இரண்டு பருவம் ஆடுவான், பிறகு நான்காண்டுக் கல்லூரிக்குப் போய்விடுவான். ஆண்டுதோறும் அணியில் ஏறக்குறைய பாதி காலி. குறைந்த படையை மறுபடி வளர்ப்பது என்ற பழைய பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆனால் அது பயிற்சியாளரின் பக்கத்துக் கதை. பையனைப் பற்றிச் சொல்லும்போது அவனை யாரோ கேட்டார்கள் என்பதுதான் சேதி.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதே படத்தில் ‘ஸ்காலர்ஷிப் ஆஃபர்’ என்பது ‘உதவித்தொகை சலுகை’ ஆகிவிட்டது. சலுகை ஆடித் தள்ளுபடிக்குச் சரி. தேசிய ஜூனியர் காலேஜ் விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவுக் கல்லூரிகள் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் ஏற்கலாம், மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு காசும் கிடையாது. ஒரு குடும்பத்தின் முடிவே இதில் தொங்குகிறது. ‘முழு உதவித்தொகை தர முன்வந்தார்கள்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’டை ‘நோக்கக் கடிதம்’ என்றார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் ஒரு கல்வியாண்டுக்கு அந்தக் கல்லூரியோடு கட்டுப்பட்டவன். அது வெறும் நோக்கமா? ‘சேர்க்கை ஒப்பந்தம்’ என்று எழுதுங்கள்.

அந்த முதல் வரி இப்படி இருந்திருக்கலாம்: “ஓர் ஈராண்டுக் கல்லூரி அவனைக் கேட்டு வந்தது.”