பிராடிஃப்ரீனியா: எண்ணம் மெதுவாகும்போது

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவது எல்லார் கண்ணிலும் படும். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பதில் வர நேரமாவது அவ்வளவாகப் படாது. பட்டாலும், ‘காது மந்தமாகிவிட்டது’, ‘மறதி வந்துவிட்டது’ என்று வீட்டார் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். சிந்தனை ஓடும் வேகம் குறைவதற்கென்றே ஒரு மருத்துவச் சொல் இருக்கிறது: பிராடிஃப்ரீனியா.

கிரேக்கத்தில் ‘பிராடிஸ்’ என்றால் மெதுவான. இதயம் மெதுவாகத் துடிப்பதைச் சொல்லும் பிராடிகார்டியாவிலும் இதே வேர்தான். ‘ஃப்ரென்’ என்றால் மனம். அதற்கு இன்னொரு பழைய பொருள், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம். ஹோமர் பாடல்களில் நினைப்பும் உணர்ச்சியும் குடியிருப்பது அந்த மார்புப் பகுதியில்தான். நமக்கு இதில் வியப்பே வேண்டாம். ‘நெஞ்சே’ என்று மனத்தைக் கூப்பிட்டுப் பேசுகிற மொழி நம்முடையது. குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு.

1817இல் இந்த நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவுக்குப் பழுது வராது என்றே எழுதினார். அப்புறம், முதல் உலகப் போரை ஒட்டி ஓர் உறக்க மூளைக்காய்ச்சல் பரவியது. பிழைத்தவர்கள் பலருக்கு உடல் இறுகியது, எண்ணமும் தயங்கியது. அதை விவரிக்க 1922இல் பிரான்சுவா நாவில் என்ற மருத்துவர் எடுத்தாண்ட சொல்தான் பிராடிஃப்ரீனியா.

தமிழில் ‘சிந்தனை மந்தம்’ என்று எழுதலாம்தான். எனக்கு மனம் வரவில்லை. ‘மந்தபுத்தி’ என்ற வசவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகம் குறைந்தவரை அறிவு குறைந்தவராக்கிவிடும். ‘மறதி’யும் சரியாகப் பொருந்தாது. பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் பலருக்கு நினைவு அழிவதில்லை, எடுக்கத்தான் சிரமம். முதல் எழுத்தைச் சொன்னால் பெயர் வந்துவிடும். பின்னாளில் சிலருக்கு மறதிநோயும் வரலாம், அது தனிக் கட்டம்.

‘எண்ண மெதுமை’ என்பேன். மெது என்பதில் தாமதமும் இருக்கிறது, மென்மையும் இருக்கிறது. பேச்சிலும் தடையில்லாமல் வரும்: “அப்பாவுக்கு எண்ணம் மெதுவா ஓடுது, கொஞ்சம் பொறுங்க, சொல்லுவார்.”