டென்மார்க்ல வேலை போனா காசு வருமாமே? டாக்பெங்கே கணக்கு

டென்மார்க்ல வேலை போயிட்டா கவர்மெண்டே சம்பளம் குடுத்து உக்கார வெச்சு சோறு போடும்னு நம்ம ஆளுங்க பேசிக்கிறத நிறைய கேட்டிருப்பீங்க. பாதி உண்மை, பாதி டீக்கடை கதை. வேலை போனவங்களுக்கு வர்ற அந்தப் பணத்துக்குப் பேரு டாக்பெங்கே, அதாவது தினக்காசு. ஆனா அது தானா வராது, வேலையில இருக்கும்போதே நீங்க அ-காஸ்ஸேன்னு ஒண்ணுல மெம்பரா சேர்ந்து மாசாமாசம் காசு கட்டியிருக்கணும். காஸ்ஸேன்னா பணப்பெட்டி. நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா வேலை போறவங்களுக்குன்னு எல்லாரும் சேர்ந்து போடற உண்டியல், அதுக்கு மேல அரசாங்கமும் காசு போடுது. 1907லயே இதுக்கு சட்டம் போட்டுட்டாங்க.

சேரணும்னு கட்டாயம் இல்ல, அங்கதான் பலர் ஏமாந்து போறாங்க. மாசம் சுமார் 500 குரோனர் (டென்மார்க் காசு) ஆகும், அத வரியில கழிச்சுக்கலாம். "என் வேலையெல்லாம் போகாது"ன்னு நெனச்சு கட்டாம விட்டா அப்புறம் கைல ஒண்ணும் இருக்காது, ஏன்னா குறைஞ்சது 1 வருஷம் மெம்பரா இருந்திருக்கணும், கடைசி 3 வருஷத்துல ஒரு குறிப்பிட்ட அளவு சம்பாதிச்சும் காட்டணும். யூனியன் வேற, இது வேற. யூனியன்ல சேராமலே இதுல மட்டும் சேரலாம்.

சரி எவ்வளவு வரும்? பழைய சம்பளத்துல 90 சதவீதம்னு எல்லாரும் சொல்வாங்க, கேக்க நல்லாதான் இருக்கும், ஆனா மேல ஒரு உச்சவரம்பு இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. வருஷா வருஷம் கொஞ்சம் மாறும், மாசம் 20,000 குரோனர் சொச்சம்னு வெச்சுக்கங்க, அதுலயும் வரி புடிப்பாங்க. கடைல, கிளீனிங் வேலைல 22,000 வாங்கினவருக்கு கிட்டத்தட்ட முழு 90 சதவீதமும் வந்துடும். 50,000 வாங்கின ஐடி ஆளுக்கும் வழக்கமா அதே 20,000 சொச்சம்தான், அதாவது 40 சதவீதம் பக்கம். அதனால பெரிய சம்பளக்காரங்க தனியா இன்னொரு இன்சூரன்ஸ் எடுத்து வெச்சுக்குவாங்க. எனக்கு இதுல ஒண்ணும் தப்பா தெரியல, அடில இருக்கிறவன் விழாம புடிக்கத்தானே வல கட்டியிருக்காங்க.

சும்மா உக்கார முடியுமான்னு கேட்டா, முடியாது. வேலை இல்லாத முதல் நாளே ஜாப்நெட்ங்கிற அரசு சைட்ல பதிவு பண்ணணும், ஒரு நாள் லேட் ஆனா அந்த நாள் காசு போச்சு. 2 வாரத்துக்குள்ள சிவி ஏத்தணும். எங்கெங்க அப்ளை பண்ணீங்கன்னு எழுதி வெக்கணும், கூப்பிடற மீட்டிங்குக்கெல்லாம் போகணும், சொல்ற டிரெயினிங் போகணும். நீங்களா வேலைய விட்டா முதல் 3 வாரம் காசு கிடையாது. மொத்தமா 3 வருஷத்துக்குள்ள 2 வருஷம் வாங்கலாம், நடுவுல அப்பப்ப சின்னச் சின்ன வேலை பாத்தா அந்த மணிநேரத்தக் காட்டி இன்னும் கொஞ்ச காலம் இழுத்துக்கலாம்.

இதுக்கெல்லாம் முதலாளிங்க எப்படி ஒத்துக்கிட்டாங்கன்னு பாத்தா அது 1899 சமாச்சாரம். அந்த வருஷம் முதலாளிங்க தொழிலாளிங்கள உள்ள விடாம கதவைப் பூட்டிட்டாங்க, அந்த லாக்அவுட் மூணு மாசத்துக்கு மேல ஓடுச்சு, கடைசியில செப்டம்பர்ல உடன்பாடு. ஆள எடுக்கறதும் அனுப்பறதும் முதலாளி உரிமை, சங்கம் வெக்கறதும் பேரம் பேசறதும் தொழிலாளி உரிமை. இன்னிக்கும் டென்மார்க்ல சட்டப்படி குறைந்தபட்ச சம்பளம்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் சங்கமும் முதலாளியும் பேசி முடிக்கிறதுதான். ஆள அனுப்பறதும் பக்கத்து ஜெர்மனிய விட சுலபம். அனுப்பினா அவன் தெருவுல நிக்க மாட்டான்னு ரெண்டு பக்கமும் தெரியும், அதனாலதான் இது ஓடுது.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். ஓடென்ஸ ஊர் பக்கத்துல லிண்டோன்னு ஒரு கப்பல் கட்டற தளம் இருந்துச்சு, மேர்ஸ்க் கம்பெனியோடது. 2006ல, அப்ப உலகத்துலயே பெரிய கன்டெய்னர் கப்பலான எம்மா மேர்ஸ்க்க கட்டினது அங்கதான். மூணே வருஷத்துல, 2009ல, ஆசியா விலைக்கு ஈடு குடுக்க முடியலன்னு மூடப் போறதா அறிவிச்சாங்க, 2012ல கடைசி கப்பல் போச்சு. வேற நாடா இருந்தா தளத்தக் காப்பாத்த வருஷக்கணக்கா அரசு காசு கொட்டியிருக்கும். இங்க கொட்டல. ஆளுங்களுக்கு டாக்பெங்கேயும் டிரெயினிங்கும், ஐரோப்பிய யூனியன் நிதியிலருந்தும் உதவி வந்துச்சு. இப்ப அதே இடத்துல கடல் காத்தாலைக்கு பாகம் செய்யறாங்க, அதே ஓடென்ஸல ரோபோ கம்பெனிங்க வளந்திருக்கு. கப்பல் வெல்டிங்குக்கு ரோபோ வேணும்னு அந்த தளம் யுனிவர்சிட்டியோட சேர்ந்து பண்ண வேலைக்கும் இதுல பங்கு இருக்கு. வெல்டர் எல்லாரும் ரோபோ இன்ஜினியர் ஆயிட்டாங்கன்னு நெனச்சுடாதீங்க, ஐம்பது வயசுக்காரருக்கு அது அவ்வளவு லேசு இல்ல.

உண்டியலும் முன்ன மாதிரி இல்ல. டாக்பெங்கே வாங்கற காலம் 4 வருஷம்னு இருந்தத 2010ல 2 வருஷமா வெட்டிட்டாங்க, அந்த வெட்டு மேல இன்னிக்கும் கோவம் இருக்கு. உச்சவரம்பும் சம்பளம் ஏறின வேகத்துக்கு ஏறல, அதனால நடுத்தர சம்பளக்காரனுக்கு இதுல ஆர்வம் குறையுது. அவன் வெளிய போனா கட்டறவங்க குறைவாங்க, வேலை போற வாய்ப்பு அதிகமா இருக்கிறவங்கதான் மிஞ்சுவாங்க.

மெம்பரா இல்லாதவங்களுக்கு முனிசிபாலிட்டி குடுக்கிற வேற உதவி இருக்கு, ஆனா அதுக்கு பேங்க்ல இருக்கிற காசு, புருஷன் பொண்டாட்டி சம்பளம் எல்லாத்தையும் பாப்பாங்க. டாக்பெங்கேக்கு அதெல்லாம் பாக்க மாட்டாங்க. டென்மார்க்ல படிச்சு முடிக்கிறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, படிப்பு முடிஞ்ச 2 வாரத்துக்குள்ள அ-காஸ்ஸேல அப்ளை பண்ணிட்டா அந்த 1 வருஷக் காத்திருப்பு இல்லாம புதுசா முடிச்சவங்க ரேட்டுல காசு வர வழி இருக்கு, லீவுன்னு ஊருக்கு வந்து 3 வாரம் கழிச்சுப் போனா வராது.