மோட்டார் ஏன் அழுகிறது?

கோவை கணபதியில் பம்ப் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றும் சின்னப் பட்டறை. சுற்றும் மெஷினில் பழைய கியருக்குப் பதிலாக 24 வோல்ட் டிசி மோட்டாரும் அதைக் கட்டுப்படுத்த ஆர்டுவினோ என்ற குட்டிக் கணினி போர்டும் வைத்துக் கொடுத்திருந்தேன். வேகத்தைக் குறைத்தால் ‘ஙொய்ய்ங்’ என்று ஓர் இரைச்சல்.

“மோட்டார் அழுகுதுங்க தம்பி” என்றார் பட்டறைக்காரர். 1937-லேயே ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்த ஊர். இங்கே சத்தத்தை வைத்தே நோய் சொல்வார்கள்.

வேகத்தைக் குறைக்க மோட்டாருக்குப் பாதி வோல்ட் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. மீதி 12 வோல்ட்டை டிரான்சிஸ்டரின் தலையில் கட்டலாம். 5 ஆம்பியர் ஓடினால் 60 வாட் வெறும் சூடாகப் போகும். இன்னொன்று, ஸ்விட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரை, குழாயைப் போல, மின்சாரம் ஓட முழுசாகத் திறந்து, நிறுத்த முழுசாக மூடுவது. திறக்கும்போது தடை 10 மில்லி ஓம் என்றால், அதில் வீணாவது கால் வாட்தான். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படிச் செய்து, பாதி நேரம் மட்டும் திறந்திருந்தால் சராசரி 12 வோல்ட். பல்ஸின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் இந்த முறைதான் பிடபிள்யூஎம்.

மோட்டார் குலுங்காதா? குலுங்காது. மோட்டாருக்குள் இருக்கும் சுருளின் இண்டக்டன்ஸ் என்ற குணம் மின்னோட்டத்தைச் சட்டென்று ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. மூடிய நேரத்தில் மின்னோட்டம், ஒரு திசையில் மட்டும் வழிவிடும் டயோடு வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, ஆனால் காயில் பருக்கப் பருக்க இழுவை கூடி வேகம் தளருமே? அதற்குத்தான் அச்சில் 100 துளைத் தட்டு; கடக்கும் துளைகளை போர்டு எண்ணும். நிமிடத்துக்கு 600 சுற்று வேண்டுமென்றால், 50 மில்லி நொடியில் 50 துளை கடக்க வேண்டும். 47 தான் வந்ததா? குறைந்த மூன்றுக்கு ஏற்ப பல்ஸை அகலமாக்கு. இது மட்டும் போதாது. குறை இருந்தால்தானே தள்ளுவிசை வரும், அதனால் கொஞ்சம் குறை எப்போதும் தங்கிவிடும். அப்புறம் அந்தக் குறைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுத்தொகையையும் பல்ஸில் சேர்க்கிறோம்.

இங்கேதான் சறுக்கினேன். ஒருநாள் கம்பி சிக்கி மோட்டார் நின்றது. போர்டில் பல்ஸ் அளவு 255-ஐத் தாண்டாது; அதுவே முழு நேரமும் திறந்த நிலை. கூட்டுத்தொகையோ ஏறிக்கொண்டே போனது. சிக்கு விட்டதும் மோட்டார் வெறிபிடித்து ஓடி, கம்பி அறுந்தது. 255-ஐத் தொட்டதும் கூட்டுவதை நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தேன்.

அழுகைக்கு மருந்து இன்னும் எளிது. போர்டு நொடிக்கு 490 பல்ஸ் அனுப்பியது. அந்த அதிர்வுதான் காதில் விழுந்தது. காதுக்கு எட்டாத 20,000 ஆக்கினேன். மாஸ்ஃபெட் கொஞ்சம் கூடுதலாகச் சுடுகிறது, பரவாயில்லை.

“நின்னு போச்சுங்களா?” என்று குனிந்து பார்த்தார் பட்டறைக்காரர். காயில் சுற்றிக்கொண்டிருந்தது.