மைனர்: சொல் வந்த வழி

பத்திரத்தில் ‘மைனர்’ என்றால் 18 வயது நிறையாதவர். அதே சொல்லை ராமநாதபுரத்து டீக்கடையில் சொன்னால், கழுத்தில் தடித்த சங்கிலியும் சலவை வேட்டியுமாகத் திரிகிற ஆள். அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்கலாம்.

லத்தீனில் ‘மினோர்’ என்பதற்குச் ‘சிறியது, குறைந்தது’ என்று பொருள். உடம்போ அறிவோ குறைந்தது என்றில்லை, சட்டம் வைத்த வயதுக்குக் குறைந்தவர், அவ்வளவே. அந்த வயதும் ஓரிடத்தில் நின்றதில்லை. ரோமானியச் சட்டத்தில் 25. இங்கிலாந்தில் நெடுங்காலம் 21. 1970-இல்தான் 18 ஆனது. இந்தியாவில் 1875-ஆம் ஆண்டுச் சட்டம் 18 என்றது. ஆனால் நீதிமன்றம் நியமித்த கார்டியனின் பொறுப்பிலோ ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ (வாரிசு சிறுவராக இருக்கும் ஜமீன்களைப் பார்த்துக்கொண்ட அரசு அமைப்பு) மேற்பார்வையிலோ இருப்பவருக்கு 21. சொத்துள்ள பிள்ளை மூன்றாண்டு கூடுதலாகப் பிள்ளை! இந்த வேறுபாடு 1999-இல்தான் நீங்கியது.

ராமநாதபுரம் இந்த ஏற்பாட்டை நேரில் கண்ட சீமை. 1873-இல் ஜமீன்தார் முத்துராமலிங்க சேதுபதி இறந்தபோது மகன் பாஸ்கர சேதுபதி சிறுவர். 1889-இல் அவர் பட்டமேற்கும்வரை ஜமீனைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வகித்தது. இப்படி எத்தனையோ ஜமீன்களில் வாரிசை ‘மைனர்’ என்றே அழைத்தார்கள். பணம் உண்டு, பொறுப்பு இல்லை. வயது வந்த பிறகும் அழைப்பு மாறவில்லை. ‘உல்லாசி’ என்ற பொருள் இங்கிருந்துதான் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘மைனர் செயின்’ அதன் மிச்சம்.

கடற்கரையில் பிள்ளைப் பருவம் முடிவதற்கு வேறு அளவுகோல்களும் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம்கள் ‘பாலிக்’ என்பார்கள். அரபுச் சொல், பருவம் எய்தியவர். தகப்பனை இழந்த ‘எத்தீம்’ பிள்ளையின் சொத்தை, அது பாலிக் ஆகி நிர்வாகத் தெளிவும் பெற்ற பிறகே ஒப்படைக்க வேண்டும் என்பது மார்க்க நெறி. உடம்பு மட்டும் போதாது என்று அங்கேயே சொல்லியாயிற்று. 1875-ஆம் ஆண்டுச் சட்டமும் திருமணம், மஹர் (மணக்கொடை), மணவிலக்கு, தத்து ஆகியவற்றில் தன் வயதுக் கணக்கைத் திணிக்கவில்லை. ஆகவே ஒரே பிள்ளை ஓரிடத்தில் பெரியவர், பத்திர அலுவலகத்தில் மைனர் என்ற நிலை நெடுநாள் இருந்தது.

மீனவர் வீடுகளில் வயதை யார் கேட்டார்கள்? வலை இழுக்கக் கை பழகும்வரை பொடியன். மீன்பாட்டில் முழுப்பங்கு வாங்கினால் ஆள். இன்று 14 நிறையாதவரைக் கூலிக்கு வைத்தால் குற்றம்.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘சிறுவர்’ பொருந்தாது, பதினேழு வயதுக்காரரை யாரும் அப்படி அழைப்பதில்லை. ‘சிறார்’ என்பதைச் சிறார் நீதிச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. சட்டத் தமிழில் ‘இளவர்’ உண்டு. சுருக்கமான சொல்தான், ஆனால் ‘இளைஞர்’ என்று படித்துவிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், ‘பராயமடையாதவர்’ என்கிறார்கள். ‘பராயம்’ வயது, பருவம். நமக்கு ‘உரிமை வயது வராதவர்’ நீளமானாலும் தெளிவானது. எந்த வயது என்ற கேள்விக்கு இடமில்லை: கையெழுத்துக்கு மதிப்பு வரும் வயது. இந்துக் குடும்பத்தில் மைனர் பெயரிலுள்ள நிலத்தைக் கோர்ட் அனுமதியின்றித் தகப்பனே விற்றாலும், பிள்ளை பின்னாளில் அந்தக் கிரயத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். அதனால் பத்திரம் எழுதுகிறவர்கள் ‘உரிமை வயது வராத (மைனர்)’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.