பெட்டியைப் பிரித்ததும் பெட்ரோல் ஊற்றாதீர்கள்

போன புரட்டாசியில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மொபெட்டில் கட்டி எடுத்துவந்த புல் வெட்டும் மிஷினை, அதாவது பிரஷ் கட்டரைப் பட்டறை வாசலில் இறக்கினார். "ஏனுங்க, புது மிஷினுங்க. கை வீங்குற அளவுக்குக் கயிறு இழுத்தாச்சு, ஒருக்காக்கூடப் பிடிக்கலீங்க" என்றார். ஆடித் தள்ளுபடியில் ஆன்லைனில் வாங்கியது. மழைக்குப் பிறகு புல் ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் தோட்டத்துச் சாளையிலேயே பெட்டியோடு வைத்திருக்கிறார்.

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துவாரம் வழியே தெரிந்த பிஸ்டனில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். துவாரத்தின் ஓரமெல்லாம் தடித்த கரி. ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகாத இன்ஜினில் அவ்வளவு கரி படிய வழியே இல்லை. வேறு யாரோ வாங்கி, ஓட்டி, கெடுத்துத் திருப்பி அனுப்பிய இன்ஜின் அது என்பதுதான் என் முடிவு. துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

விற்றவரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "நீங்கள் ஓட்டியதால் படிந்த கரி." மறுத்துச் சொல்லத் தோப்புக்காரரிடம் ஒன்றும் இல்லை. டேங்கில் பெட்ரோல் இருந்தது. பெட்டி பிரித்தபோது எடுத்த வீடியோ இல்லை. திருப்பி அனுப்பத் தந்திருந்த பத்து நாளும் பெட்டி திறக்கப்படாமலே ஓடிப்போயிருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் போயிற்று. அந்த மனிதர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் பதினெட்டு வருடமாகச் சிறு இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் நல்ல டீலர் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மிக்ஸியை வாங்குவது போல இன்ஜினை வாங்க முடியாது. ஒரு சொட்டு பெட்ரோல் டேங்கில் இறங்கிவிட்டால் அது "பயன்படுத்திய பொருள்". பெட்ரோல் வாசம் அடிக்கும் இன்ஜினைக் கூரியர்காரர்களும் எடுக்கத் தயங்குவார்கள், அது தீப்பிடிக்கும் சரக்குக் கணக்கில் போய்விடும். ஆகவே சோதனை முழுவதும் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே முடிய வேண்டும். வந்த அன்றே முடிய வேண்டும். உங்களுக்கு வேலை அடுத்த மாதம்தான் என்றாலும் சரி, கணக்கு டெலிவரி ஆன நாளிலிருந்தே ஓடுகிறது.

பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து, இடையில் நிறுத்தாமல், ஒரே வீடியோவாக எடுங்கள். இன்ஜின் உடம்பில் குத்தியிருக்கும் நம்பர் தெளிவாகத் தெரியட்டும். பில்லில் விற்பவர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

பிறகு கயிறு. சுவிட்ச் ஆஃப் நிலையில் மெதுவாக இழுங்கள். ஒரு இடத்தில் கனமாகத் தடுத்து, அதைத் தாண்டியதும் இலகுவாக வர வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் சும்மா சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம், இல்லை. சுலபமாக ஸ்டார்ட் ஆக ஸ்பிரிங் வைத்த மாடல்களில் மட்டும் இந்தத் தடை மெத்தென்று தெரியும், பயப்பட வேண்டாம். இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே வார்ப்பு மணலோ உலோகத் துகளோ இருக்கலாம். அத்தோடு நிறுத்திவிடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். புதுப் பிளக்கின் முனை வெள்ளையாக, சுத்தமாக இருக்கும்.

நான் பெரிதாக நம்பும் சோதனை சைலன்சர் சோதனைதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் (பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டுவது) சைலன்சரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டே போல்ட். கழற்றினால் துவாரம் வழியே பிஸ்டனின் பக்கவாட்டும் ரிங்கும் நேரே தெரியும். கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். புது பிஸ்டனில் கடைசல் பிடித்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருக்கும். கம்பெனியில் சில நிமிடம் ஓட்டிப் பார்த்து அனுப்புவது உண்டு, அதனால் லேசான பழுப்புக் கறை இருந்தால் தவறில்லை. தடித்த கரியோ நெடுக்குக் கீறலோ இருந்தால் அது புது இன்ஜின் அல்ல. போல்ட்டைக் கழற்றியதற்கே வாரண்டி போச்சு என்று சிலர் சொல்லக்கூடும். வாரண்டிச் சீட்டைப் படித்துவிட்டு, கழற்றுவதையும் வீடியோவில் வைத்துச் செய்யுங்கள். போல்ட்டில் சீல் ஒட்டியிருந்தால் தொட வேண்டாம்.

அடுத்தது ஸ்டிக்கர். 52 சி.சி. என்று ஒட்டி 43 சி.சி. இன்ஜின் வருவதைப் பார்த்திருக்கிறேன். சீனத் தயாரிப்பு இன்ஜின்களின் மாடல் எண்ணிலேயே உண்மை இருக்கிறது. 1ஈ40எஃப் என்றால் ஒரு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 40 மில்லிமீட்டர். 1ஈ44எஃப் என்றால் போர் 44. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 34 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் முதலாவது 42.7 சி.சி., இரண்டாவது 51.7 சி.சி. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால்தான் ஸ்டிக்கரை மாற்றி ஒட்ட முடிகிறது. ஆயிலைத் தனியாக ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் இதே வழிதான்: 168எஃப் என்றால் 68 மில்லிமீட்டர் போர். அதில் ஸ்ட்ரோக் 54 மில்லிமீட்டர் உள்ள மாடல் 196 சி.சி.

குதிரைத்திறன் விளம்பரத்தில் இன்னும் மோசம். 52 சி.சி. டூ ஸ்ட்ரோக் ஏறக்குறைய 2 எச்.பி. தரும். அதையே 4 எச்.பி., 5 எச்.பி. என்று போடுகிறார்கள். இன்ஜின் தகட்டில் கிலோவாட் கணக்கு இருக்கும். அதை 746 வாட் ஒரு எச்.பி. என்று மாற்றிப் பாருங்கள். 1.5 கிலோவாட் என்றால் 2 எச்.பி. பக்கம்தான். விளம்பரத்தில் சொன்னதற்கும் தகட்டில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால், இன்ஜின் நன்றாக ஓடினாலும் அது திருப்பி அனுப்பத்தக்க குறைதான். அந்த விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள்.

எல்லாப் புகாரும் உண்மையான குறை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். 196 சி.சி. இன்ஜினுக்கு 600 மில்லி ஆயில் ஊற்ற வேண்டும். ஆயில் சென்சார் இருக்கும் மாடலில் ஆயில் குறைந்தால் பிளக்குக்குக் கரண்ட்டே வராது, இன்ஜின் செத்த மாதிரி கிடக்கும். சென்சார் இல்லாத மாடல் அப்படியே ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் இறுகி ஜாம் ஆகிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்கவில்லை என்றாலும் இதே கதி. 25-க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கலந்ததை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், கார்பரேட்டரில் உள்ள ரப்பர் டயஃப்ரத்தையும் கெடுக்கும்.

ஜாம் ஆன பிஸ்டனைப் பார்த்தாலே தவறு யார் பக்கம் என்று ஓரளவு சொல்லலாம். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் உரசியிருக்கும். ஆயில் சீல் கசிந்தோ, கார்பரேட்டர் கேஸ்கெட் வழியாகக் காற்று இழுத்தோ சூடேறியிருந்தால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருக்கும். இந்த இரண்டாவதில் ஓட்டியவர் மேல் பழி போடுவது அநியாயம். அதனால்தான் சொல்கிறேன், இன்ஜின் ஜாம் ஆகிவிட்டால் மெக்கானிக்கை விட்டு உடனே பிரிக்காதீர்கள். நானே சில வருடங்களுக்கு முன் வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று ஒரு வாரண்டி இன்ஜினைப் பிரித்து, அவருடைய சாட்சியத்தை என் கையாலேயே கலைத்திருக்கிறேன். இப்போது முதலில் போட்டோ, பிறகு எழுத்தில் அறிக்கை. விற்றவருக்குத் தகவல் போன பிறகுதான் ஸ்பேனர்.

புகாரை போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. "விவசாயத்துக்கு வாங்கியது வியாபாரக் கணக்கு, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே வைத்து வேலை செய்பவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது.

களை எடுக்கும் பவர் வீடர் மாதிரிப் பெரிய செலவு என்றால் வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். மானியப் பட்டியலில் உள்ள மாடல்கள் சோதனைக்குப் போய் வந்தவை. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு, உழவன் செயலி வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆன்லைன் தள்ளுபடி இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தத் தை மாதம் ஒரு அக்கா போன் செய்தார். மகளிர் குழுக் கடனில் பவர் ஸ்பிரேயர் வாங்கியிருந்தார். "தம்பி, பெட்டி வந்திருக்கு, இன்னும் பிரிக்கல, நீ வீடியோ காலில் வா" என்றார். அவர் மகன் போனைப் பிடிக்க, அவரே சைலன்சரைக் கழற்றினார். பிஸ்டன் சுத்தமாக இருந்தது. கயிறு இழுத்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. கயிறு இலகுவாக வந்தது, பிஸ்டன் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஸ்டார்ட்டர் கொக்கி, இன்ஜினைச் சுற்றவைக்கும் மேக்னெட் சக்கரத்தைப் பிடிக்கவில்லை. டேங்க் காய்ந்தபடியே இருந்தது, வீடியோ கையில் இருந்தது. அன்று சாயங்காலமே எழுத்தில் புகார் அனுப்பினார். ஆறாவது நாள் வேறு மிஷின் வந்தது. அதையும் பிரிக்குமுன் எனக்கு போன் செய்தார்.